நாற்காலியிலிருந்து தொடங்கும் பிலாட்டிஸ்: பார்க்கின்சன் உள்ளவர் வீட்டில் செய்யும் முறை

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயராலேயே சொல்லும் பெரியவர்களிடையே, ஒரு காலத்தில் கோடு பிசகாமல் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டிய கைகள் இப்போது சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுவதைக் காணலாம். பார்க்கின்சன் நோயில், மூளையில் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் குறைவதால், கை வீசி நடப்பது, படுக்கையில் புரள்வது போன்று நினைக்காமலே நிகழ்ந்த அசைவுகள் சுருங்கிவிடுகின்றன. ஆயினும் ஒவ்வோர் அசைவையும் மனத்தில் நிறுத்திச் செய்யும் வழி பலருக்கு எஞ்சியிருக்கிறது. மூச்சோடு இணைத்து அசைவுகளைக் கட்டுப்பாட்டுடன் செய்யும் உடற்பயிற்சி முறையான பிலாட்டிஸ் அந்த வழியில்தான் உடம்பைப் பழக்குகிறது. ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் (1883–1967) தம் முறைக்குக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் ‘கன்ட்ராலஜி’ என்ற பெயரையே வைத்திருந்தார். இது நோயைக் குணப்படுத்தாது. மருந்துக்கு மாற்றும் ஆகாது.

முதலில் மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ காட்டி, எலும்புத் தேய்மானமும், எழும்போது இரத்த அழுத்தம் இறங்கும் தொல்லையும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமே பயிற்சிக்கு உரிய நேரம். பார்க்கின்சனுக்கான லெவோடோபா என்ற மருந்தை எடுப்பவர்களில் பலருக்கு அது மாத்திரை விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கும். கனத்த பசியாறல் முடிந்த உடனே செய்ய வேண்டாம். கைப்பிடியுள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கல்யாண வீடுகளில் அடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் நழுவும் என்பதால் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாற்காலியின் முன்பாதியில் நிமிர்ந்து அமர்ந்து, உள்ளங்கைகளை விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளவும். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். வாயால் விடும்போது அடிவயிறு மெல்ல உள்ளே செல்ல வேண்டும். மூச்சை அடக்க வேண்டாம். விடும் மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணினால், இந்நோயில் தணிந்துபோகும் குரலுக்கும் அது பயிற்சியாகும்.

அடுத்து வரும் முறுக்கு அசைவுக்கு அதிக நேரம் கொடுங்கள், ஏனெனில் விறைப்பு முதலில் பறித்துக்கொள்பவற்றில் உடம்பைத் திருப்பும் ஆற்றலும் ஒன்று. கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டி, மூச்சை விட்டபடி, இடுப்பை அசைக்காமல், பால் மரத்தின் மறுபக்கத்து வெட்டுக்கோட்டை எட்டிப் பார்ப்பதுபோல் விலாவையும் கண்களையும் வலப்பக்கம் திருப்பி, மூச்சை இழுத்தபடி நடுவுக்கு வரவும். பக்கத்திற்கு ஐந்து முறை போதும். பின்னர் இரு கைகளையும் அகல விரித்து மார்பைத் திறக்கவும். செய்பவருக்கு ‘இது மிகையாயிற்றே’ என்று தோன்றும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சாதாரண அளவாகவே இருக்கும்.

எழுந்து நிற்பதற்கு, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களைத் தாண்டும் வரை முன்சாய்ந்து, மூச்சை விட்டபடி தரையை அழுத்தி எழ வேண்டும். அமரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். உடனிருப்பவர் கையைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் நின்று இடுப்பருகே தாங்கத் தயாராக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. தொலைக்காட்சியும் பேச்சும் அப்போது வேண்டாம்.

தரையில் உருளும் பிலாட்டிஸ் பயிற்சிகளை விட்டுவிட்டு, கட்டிலில் மல்லாந்து முழங்கால்களை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். இரவில் புரண்டு படுக்க இது உதவும். முடித்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் அமர்ந்த பின்னரே எழ வேண்டும். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் அத்துடன் நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

அறையை விட்டு வரும்போது வாசற்படியில் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகராவிட்டால், உடனிருப்பவரே, அவரைத் தள்ளாதீர்கள், இழுக்காதீர்கள். நின்று, ஒரு மூச்சு விட்டு, எடையை ஒரு காலுக்கு மாற்றிய பிறகு, தரையில் முன்பே குறுக்காக ஒட்டிவைத்த நிற நாடாவைத் தாண்டி மறு காலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.