பரணில் கிடந்த டிக்ரியை வாசிப்பது எப்படி

பாகம் பிரிக்கிற பேச்சு வந்தால் எங்கேயோ இருந்த தகரப் பெட்டி கீழே இறங்கும். மடிப்பில் கிழிந்த டிக்ரி (வழக்கில் கோர்ட்டு கொடுத்த முடிவின் உத்தரவு) நகல் ஒன்றை எடுத்து வைத்து, "கோர்ட்டே எங்க அப்பாருக்குத்தான் காட்டக் குடுத்துருக்குது" என்பார் ஒருவர். அப்படிச் சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய. டிக்ரி என்பது வழக்கில் பாதி வழிதான். அது நிறைவேறியதா என்பதில்தான் காடு, அதாவது விளைநிலம், யாருக்கு என்பது இருக்கிறது.

முதலில் தேதி. பசலி (வருவாய்த் துறைக் கணக்கு வருஷம்) போட்டிருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1297 என்றால் 1887 ஜூலை 1 முதல் 1888 ஜூன் 30 வரை. சர்வசித்து என்று வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 1827, 1887, 1947 மூன்றும் பொருந்தும். தாளையும் கோர்ட்டுப் பெயரையும் வைத்துத்தான் முடிவு கட்ட முடியும். தமிழ் எண்கள் கண்ணை ஏமாற்றும்: ௧ க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். ௲௮௱௮௰௭ என்பதை ஆயிரம், எட்டு நூறு, எட்டுப் பத்து, ஏழு என்று பிரித்தால் 1887. ௹ ரூபாய், ௸ மேற்படி. ௸க்கு அர்த்தம் தெரியாமல் அதை ஏதோ தொகை என்று கூட்டிவிடுகிறவர்கள் உண்டு.

வட்டி "100க்கு மாதம் 12 அணா" என்று வரும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக 400 ரூபாய் கடனுக்கு மாதம் 3 ரூபாய், வருஷம் 36 ரூபாய், நூற்றுக்கு 9. தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876-78) பிந்தைய அடமானங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு கை வர வேண்டும். அசலைவிட வட்டி பெருத்திருப்பதை அங்கேதான் காண்பீர்கள்.

கூடவே வரும் முத்திரைத்தாளையும் சோதியுங்கள். விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்தார். ஏழாம் எட்வர்ட் 1910 மே வரை. ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி வரை. 1898 என்று தேதி போட்ட பத்திரம் ஐந்தாம் ஜார்ஜ் தலை அச்சடித்த தாளில் இருந்தால் அது பின்னால் எழுதியது. எதிர்ப்பக்கம் இந்த வாதம் ஓடாது: பழைய ராஜா தலை உள்ள தாள் மிச்சமிருந்து அடுத்த ராஜா காலத்தில் விற்றிருக்கலாம். தாளின் பின்பக்கம் ஸ்டாம்ப் வெண்டர் எழுதிய தேதியையும் பெயரையும் பாருங்கள்; பத்திரத் தேதி அதற்கு முன்னால் இருக்க முடியாது.

இனி டிக்ரியின் தலைப்பு: கோர்ட்டு பெயர், ஓ.எஸ். (அசல் வழக்கு) நெம்பர், வருஷம். இந்த மூன்றும் இல்லாமல் ரெக்கார்டு ரூமில் எதுவும் நகராது. எந்த ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்பதும் முக்கியம். கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, பிறகுதான் திருச்சிக்குப் போனது. கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லா. நீலகிரி 1868 வரை. திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் சேலம் ஜில்லா. ஈரோட்டைத் தனி மாவட்டமாக நினைத்து 1979க்கு முந்தைய வழக்குக் கட்டை அங்கேயே தேடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

நெம்பர் கையில் இருந்தால் அந்த கோர்ட்டில் நகல் மனு. நெம்பர் தெரியாவிட்டால் வருஷத்தையும் கட்சிக்காரர் பெயரையும் வைத்துத் தேடுதல் மனு. வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவர், தனக்கு ஏன் நகல் வேண்டும் என்று அபிடவிட்டில் சொல்ல வேண்டும். பிராது (வழக்கு மனு), சாட்சி வாக்குமூலம் எல்லாம் காலாவதியாகி அழிந்திருக்கலாம். தளர்ந்துவிடாமல் சூட் ரிஜிஸ்டரை (வழக்குப் பதிவேட்டை) கேளுங்கள். எந்தத் தேதியில் என்ன முடிவு, எத்தனை இ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) என்று அதில் ஒரே வரிசையில் இருக்கும்.

அந்த இ.பி.தான் முக்கியம். 1908 சிவில் நடைமுறைச் சட்டப்படி ஓர் அடமான டிக்ரியின் பாதை இப்படிப் போகும். முதலில் முதல்நிலை டிக்ரி. பணம் கட்ட 6 மாத வாயிதா. கட்டாவிட்டால் இறுதி டிக்ரி, பிறகு ஏலம். ஏலத்தில் எடுத்தவர் அங்கேயே கால் பங்கு கட்ட வேண்டும், மீதி 15 நாளில். கடன் கொடுத்தவரே கோர்ட்டு அனுமதியோடு ஏலம் எடுப்பதும் சகஜம்; அப்போது டிக்ரித் தொகையில் கழித்துக்கொள்வார்கள், ரொக்கம் கைமாறாது. அந்தக் காலத்தில் 30 நாளில் ஆட்சேபம் வராவிட்டால் ஏலம் உறுதியாகும். அதன் பிறகு சேல் சர்டிபிகேட் (ஏல விற்பனைச் சான்று). கடைசியில் அமீனா (கோர்ட்டுச் சேவகர்) வந்து சுவாதீனம், அதாவது நிலத்தைக் கைவசம், கொடுப்பார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தகராறுதான்.

எங்கே அறும்? மூன்று இடத்தில். ஒன்று, இ.பி.யே போடாமல் விட்டது: அந்தக் காலச் சட்டப்படி மூன்று வருஷத்துக்கு ஒரு நடவடிக்கையாவது எடுத்திருக்க வேண்டும், மொத்தம் 12 வருஷம் தாண்டினால் டிக்ரி வெறும் காகிதம். இரண்டு, கடன்காரர் வெளியே பணம் கொடுத்து முடித்தது. அதைக் கோர்ட்டில் பதிந்திருக்க வேண்டும். பதியாத பைசலை டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு ஏற்காது. மூன்றாவதுதான் நம் பக்கத்தில் அதிகம் குடைச்சல் கொடுப்பது. குத்தகைக்காரர் உழுதுகொண்டிருந்தால் அமீனா தண்டோரா போட்டு, நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். சுவாதீனம் காகிதத்தில் மாறும், ஏர் மாறாது. கடன்காரர் குடும்பமே காட்டை விடாமல் உழும் இடத்திலும் இதே கதை நடந்ததுண்டு. ஏலம் எடுத்தவர் 12 வருஷத்துக்குள் வழக்குப் போடவில்லையென்றால், அப்படி உழுத கடன்காரர் குடும்பம் அனுபவ பாத்தியம் (நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை) கேட்கலாம். அதனால் அமீனா எழுதும் டெலிவரி ரிப்போர்ட்டில் நேரில் ஒப்படைத்தார்களா, ஒட்டிவிட்டு வந்தார்களா என்ற ஒரு வரியை விடாமல் படியுங்கள்.

1938 மதராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்துக்குப் பிறகு டிக்ரித் தொகை குறைந்திருக்கலாம். 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அப்படி ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) நடந்திருந்தால் ஏலம் ஏன் நின்றது என்பது புரியும்.

சேல் சர்டிபிகேட்டின் நகல் சார்பதிவாளரிடம் போய், நிலப் பத்திரங்கள் பதியும் 1ஆம் புத்தகத்தில் ஏறியிருக்கும். பதிவுச் சட்டம் 1865 ஜனவரி 1 முதல். அதற்கு முந்தையது அங்கே கிடைக்காது. ஆன்லைன் வில்லங்கம் பெரும்பாலும் 1975இலிருந்துதான், பழையதுக்கு நேரில் மனுப் போட வேண்டும். 1ஆம் புத்தகத்தையும் அதன் இன்டெக்ஸையும் யாரும் பார்க்கலாம். இன்டெக்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் குப்பண்ணனை கே, சி, ஜி மூன்றிலும் தேடுங்கள். கருப்பண்ணன் மகன் ராமசாமி என்று ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரோடு நிலத்தையும் ஒப்பிடாமல் எடுத்தால் அடுத்தவன் காடு உங்கள் கைக்கு வரும்.

கடைசியில் சொத்து ஷெட்யூல். பைமாஷ் (சர்வேக்கு முந்தைய பழைய அளவு) நெம்பர், பிறகு செட்டில்மென்ட் சர்வே, ரீசர்வே, 1979-87இல் யு.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டம்) என ஒரே காட்டுக்கு நாலு நெம்பர் வரும். பரப்பை வள்ளத்தில் எழுதியிருந்தால் ஒரு வள்ளம் நாலு ஏக்கருக்குப் பக்கம் என்று தோராயமாக வைத்துக்கொண்டு, சரியான ஏக்கரை செட்டில்மென்ட் ஏ ரிஜிஸ்டரில் (கிராம நிலப் பதிவேட்டில்) பாருங்கள். நெம்பர் ஒத்துவராத இடத்தில் எல்லைதான் பேசும்: கிழக்கே இட்டேரி (இரு பக்கமும் வேலியுள்ள தடம்), தெற்கே வண்டித்தடம், வடக்கே பள்ளம். "கிணத்தில் எட்டில் ஒரு பங்கு" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலத்தை மட்டும் எழுதிக் கிணத்தை விட்டிருந்தால், ஏலம் எடுத்தவருக்குத் தண்ணீர்ப் பாத்தியம் வந்ததா என்பது தனி வழக்கு.