புதுமுகக் கார்னர்பேக்கை எடைபோடுவது எப்படி: ஒரு கணக்காளரின் குறிப்பேட்டிலிருந்து

2022 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், டெட்ராய்ட்டில் எங்கள் சியாட்டில் சீஹாக்ஸ் அணி 48-45 என்று வென்ற ஆட்டம். எங்கள் புதுமுகக் கார்னர்பேக் (எதிரணி வீசும் பந்தைப் பிடிக்கவிடாமல் காக்கும் ஆட்டக்காரர்) டாரிக் வூலன் எதிரணியின் பந்தை இடைமறித்து 40 யார்டு ஓடி, எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் எடுத்ததும் என் கொழுந்தன் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். "அண்ணி, இந்த டிராஃப்டில் வந்த கார்னர்பேக்குகளிலேயே சிறந்தவன் இவன்தான். மூன்றாவது இடத்திலும் நான்காவது இடத்திலும் கார்னர்பேக் எடுத்தவர்கள் ஏமாந்துபோனார்கள்!" டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை என்எஃப்எல் அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு. நானும் ஆமாம் என்றேன். அன்றிரவு என் குறிப்பேட்டில், ஹூஸ்டன் அணி மூன்றாவதாக எடுத்த டெரக் ஸ்டிங்லியின் பெயருக்கு எதிரே 'தோல்வி' என்று எழுதினேன். அவர் அப்போது ஆடியிருந்தது நான்கே ஆட்டங்கள்.

கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கும் நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நான்கு வாரக் கணக்கை வைத்து எந்த நிறுவனத்துக்கும் நான் நற்சான்று தரமாட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிராஃப்டுக்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டு பின்பற்றுகிறேன். சியாட்டிலுக்கு அருகே பாத்தெலில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் வாதங்கள் அதனால் எவ்வளவோ தெளிவடைந்திருக்கின்றன.

முதலில் கேள்வியைப் பிரித்துவிடுங்கள். 'இவர் நல்ல ஆட்டக்காரரா?' என்பது ஒன்று. 'இவரை எடுத்த இடத்துக்கு இவர் தகுமா?' என்பது வேறொன்று. வாதம் சூடாகும்போது பெரும்பாலும் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கடையில் ஒரு பட்டுப்புடவையைக் கையில் எடுத்ததும் என் மாமியார் முந்தானையைப் பிரித்துச் சரிகையைப் பார்ப்பார். விலைச்சீட்டைத் திருப்புவது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையிலேயே நாமும் போவோம்.

சரிகையைப் பார்ப்பது என்றால் இங்கே காலைப் பார்ப்பது. கார்னர்பேக்கின் வேலை எதிரணி ரிசீவருக்கு, அதாவது வீசும் பந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு, பந்து சேராமல் காப்பது. எந்த இடத்தில் திரும்பப் போகிறோம் என்று ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. பின்னோக்கி அடிவைத்துக்கொண்டே அவர் அதை ஊகிக்க வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி தொலைக்காட்சியில் தெரிவதே இல்லை, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னால் போகிறது. ஆகவே 22 ஆட்டக்காரர்களும் ஒருசேரத் தெரியும் உயரக் கோணக் காட்சியைத் தேடுங்கள். என்எஃப்எல் பிளஸ் சேவையின் பிரீமியம் சந்தாவில் அது கிடைக்கிறது. ஒரு புதுமுகத்தைப் பற்றி வாய்திறப்பதற்கு முன் அவர் பக்கம் பந்து வராத முப்பது வீச்சுகளையாவது நான் பார்த்துவிடுவேன். பந்து வராததற்கு அவரே காரணமா, அல்லது பந்தை வீசும் குவாட்டர்பேக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையா என்பது அங்கேதான் விளங்கும்.

ஒவ்வொரு வீச்சிலும் மூன்று கணங்களில் நிறுத்திப் பாருங்கள். பந்து ஆட்டத்துக்கு வந்த முதல் நொடி ஒன்று: ரிசீவர் தோளை அசைத்து ஏய்க்கும்போது கார்னர்பேக் இடுப்பைத் திருப்பிவிடுகிறாரா, பொறுக்கிறாரா? பொறுமையில்லாத புதுமுகம் இங்கேயே தோற்றுவிடுவார். அதற்குப் பின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது துரத்தல்தான். ரிசீவர் சட்டென்று திசை மாற்றும் இடம் இரண்டாவது: அவரோடு சேர்ந்து திரும்ப எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு அடியில் திரும்பினால் அருமை, நான்கு ஆனால் பந்து போய்ச் சேர்ந்துவிடும். பந்து காற்றில் இருக்கும் நேரம் மூன்றாவது: தலையைத் திருப்பிப் பந்தைப் பார்க்கிறாரா, ரிசீவரின் முகத்தையே பார்த்தபடி கையை நீட்டுகிறாரா? பின்னதைச் செய்பவருக்கு, விதிமீறலைக் காட்டும் நடுவரின் மஞ்சள் துணி விழுந்துகொண்டே இருக்கும்.

அந்த மஞ்சள் துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரி விதிகளும் என்எஃப்எல் விதிகளும் கார்னர்பேக்குக்கு ஏறக்குறைய இரண்டு தனித்தனி விளையாட்டுகள். கல்லூரியில் பந்து வீசப்படும்வரை ரிசீவரை உடலால் தடுக்க நிறைய இடமுண்டு. என்எஃப்எல்லில் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டுக்குள் மட்டுமே. பந்து வரும்போது ரிசீவரைக் குறுக்கிட்டால் கல்லூரியில் தண்டனை அதிகபட்சம் 15 யார்டு. என்எஃப்எல்லில் குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போகும். 45 யார்டு தூரத்தில் நடந்தால் 45 யார்டும் பறிபோகும். மூன்று ஆண்டுகள் ரிசீவரை முட்டி, பிடித்து, தள்ளிப் பழகிய கைகள் ஒரே கோடையில் அதை மறக்க வேண்டும். ஆகவே முதல் ஆறு வாரங்களில் ஒரு புதுமுகம் செய்யும் தவறுகளை எண்ணும்போது, தவறின் வகையையும் அருகே குறித்துவையுங்கள். 5 யார்டு கடந்தபின் பிடித்ததற்காக வரும் தண்டனை பழக்கத்தால் வருவது, பெரும்பாலும் குறைந்துவிடும். வேகத்தில் தோற்று, வேறு வழியில்லாமல் பிடித்ததால் வருவது அவ்வளவு எளிதில் போகாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தண்டனை எண்ணிக்கையை மட்டும் நீட்டுகிறவரோடு நான் வாதத்தைத் தொடர்வதில்லை.

உடல் அளவுகளுக்கு அதிக நேரம் வேண்டாம். 40 யார்டை 4.26 விநாடியில் ஓடிய வூலன் 6 அடி 4 அங்குலம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அதே ஆண்டு எடுத்த டிரென்ட் மெக்டஃபிக்கு உயரம் 6 அடிக்குக் குறைவு, கை நீளம் 30 அங்குலம்கூட இல்லை. மெக்டஃபி தன் இரண்டாம் ஆண்டிலேயே லீகின் முதல் ஆல்-புரோ அணியில், அதாவது அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலில், இடம்பெற்றார்.

எண்களில் எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது இன்டர்செப்ஷன், அதாவது எதிரணியின் வீச்சை இடைமறித்துப் பிடித்த எண்ணிக்கை. அதைக் கடைசியில் வையுங்கள். டாலஸ் அணியின் டிரெவான் டிக்ஸ் 2021-இல் 11 எடுத்தார். அடுத்த ஆண்டு 3. வூலன் முதல் ஆண்டில் 6 எடுத்து லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு 2. ஆட்டக்காரர் மாறிவிட்டார் என்று இதற்குப் பொருளல்ல. குவாட்டர்பேக் எங்கே தவறுகிறார், பந்து யார் கையில் பட்டுத் துள்ளுகிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. நான்காவதாக எடுக்கப்பட்டு, 2022-இன் சிறந்த தற்காப்புப் புதுமுகமாகத் தேர்வான சாஸ் கார்ட்னர் எடுத்தது 2 இன்டர்செப்ஷன் மட்டுமே. ஆனால் அவர் தட்டிவிட்ட வீச்சுகள் 20. அவர் பக்கம் எத்தனை முறை வீசினார்கள், அதில் எத்தனை ரிசீவர் கைக்குப் போயின, எத்தனை யார்டு கிடைத்தன என்று பாருங்கள். அவர்மீது வீசும்போது குவாட்டர்பேக்கின் ரேட்டிங் என்ன என்று ஒரு கணக்கு உண்டு; அது குறையக் குறையக் கார்னர்பேக்குக்கு நல்லது. அதைப் படிக்க ஓர் அளவுகோல் சொல்கிறேன்: வீசும் பந்தையெல்லாம் தரையில் எறிந்தாலும் அந்த ரேட்டிங் 39.6 வரும். ஒரு கார்னர்பேக்கின் எண் 60-ஐ ஒட்டி இருந்தால், அவர் பக்கம் வீசிய குவாட்டர்பேக் பட்ட பாடு புரியும்.

இனி விலைச்சீட்டு. என் தொழில் இது என்பதால் இங்கே கொஞ்சம் நீட்டுவேன்.

டிராஃப்டில் ஏழு சுற்றுகள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளி மதிப்பு தரும் அட்டவணையை 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் அணி உருவாக்கியது. அன்றைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. முதல் இடம் 3000 புள்ளி, ஐந்தாவது 1700, பதினாறாவது 1000, முப்பத்திரண்டாவது 590. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பரிமாற்றத்தைச் சரிபார்த்துப் பழகுங்கள். மெக்டஃபியை எடுப்பதற்காக கன்சாஸ் சிட்டி 29-இலிருந்து 21-க்கு ஏறியது. நியூ இங்கிலாந்துக்கு 29, 94, 121 ஆகிய மூன்று இடங்களைக் கொடுத்தது. 640, 124, 52: கூட்டினால் 816. வாங்கிய 21-ஆவது இடத்தின் மதிப்பு 800. பதினாறு புள்ளி கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், அதாவது ஆறாம் சுற்றில் ஓர் இடத்தின் விலை. நியாயமான வியாபாரம்.

ஆனால் அட்டவணை சொல்வது சந்தை விலையை. அந்த இடத்திலிருந்து உண்மையில் என்ன கிடைக்கும் என்பது வேறு கணக்கு. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து, அணிகள் முதல் சில இடங்களுக்கு மிக அதிக விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். கொடுக்கும் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் லாபம் இரண்டாம் சுற்றுப் பக்கமே கூடுதல் என்பது அவர்கள் முடிவு. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பின் புதுமுகங்களின் சம்பளம் இடத்துக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்டு, உச்சியில் வெகுவாகக் குறைந்தது. அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். புதுமுகத்தின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் வந்தவருக்கு மட்டும் ஐந்தாவது ஆண்டை நீட்டும் உரிமை அணிக்கு உண்டு. அந்த ஓர் ஆண்டு கார்னர்பேக்குக்கு மிகப் பெரிது, ஏனென்றால் இந்த இடத்தில் பலரும் முதிர்வதே மூன்றாம் ஆண்டில்தான்.

எங்கள் அணியிலேயே ஓர் ஒப்பீடு கிடைத்தது. 2022-இல் 153-ஆவதாக வந்த வூலனின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர். 2023-இல் ஐந்தாவதாக வந்த டெவான் விதர்ஸ்பூனுக்கு ஏறத்தாழ 3 கோடியே 18 லட்சம். அட்டவணையில் ஒருவர் 30 புள்ளியை ஒட்டி, மற்றவர் 1700. அந்த ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராகத் திங்கள் இரவு விதர்ஸ்பூன் 97 யார்டு ஓடி டச்டவுன் எடுத்து, இரண்டு முறை குவாட்டர்பேக்கையும் வீழ்த்தியபோது எங்கள் வீட்டில் கூச்சல் அடங்க நெடுநேரம் ஆனது. ஆட்டக்காரராக நான் விதர்ஸ்பூனையே முதலில் வைப்பேன். விலைக்கு எது லாபம் என்றால், யோசிக்கவே தேவையில்லை, வூலன்தான். இரண்டும் உண்மை, இரண்டும் மோதவில்லை.

இந்த இடத்தில் சியாட்டில்காரர்கள் 'ஷெர்மனைப் பார், 154-ஆவது இடம்' என்பார்கள். 2011-இல் ஐந்தாம் சுற்றில் வந்த ரிச்சர்ட் ஷெர்மன் லீகின் சிறந்த கார்னர்பேக் ஆனார், மறுப்பே இல்லை. ஆனால் ஐந்தாம் சுற்றின் விலையை ஷெர்மனை வைத்துப் போடாதீர்கள். அந்தச் சுற்றில் வந்து இரண்டே ஆண்டில் அணியை விட்டுப்போன அத்தனை பேரையும் சேர்த்துச் சராசரி போடுங்கள். மேலே இருப்பவர்களுக்கும் இதே நியாயம். டெட்ராய்ட் 2020-இல் மூன்றாவதாக எடுத்த ஜெஃப் ஒக்கூடா அடுத்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். 2023-இல் ஓர் ஐந்தாம் சுற்று இடத்துக்கு ஈடாக அட்லாண்டா அணிக்குப் போனார். காயத்தை ஆட்டக்காரரின் குறையாக எழுதாதீர்கள்.

அடுத்த ஆண்டின் இடங்கள் பேரத்துக்கு வரும்போது இன்னும் நிதானம் வேண்டும். அவற்றை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது வழக்கம். எங்கள் அணி குவாட்டர்பேக் ரசல் வில்சனை 2022 மார்ச்சில் டென்வருக்குக் கொடுத்தபோது கிடைத்தவற்றில் 2023-இன் முதல் சுற்றும் ஒன்று. டென்வர் வெல்லும், அந்த இடம் சுற்றின் கடைசியில் விழும் என்றே நான் எழுதிவைத்தேன். அவர்கள் 5 வெற்றி, 12 தோல்வியோடு முடித்தார்கள். அந்த இடமே விதர்ஸ்பூன் ஆனது. எதிர்கால இடத்தை எழுதும்போது ஒற்றை எண் எழுதாமல், இங்கிருந்து இதுவரை என்று வரம்பு எழுதுவது அன்று முதல் என் வழக்கம்.

வாதத்தில் உட்காரும்போது இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: பெயர், இடம், அட்டவணைப் புள்ளி, தேதி, உங்கள் கருத்து. அதன் கீழே, என்ன நடந்தால் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று ஒரே ஒரு வரி. அந்தக் கடைசி வரி எழுத முடியாதவர் இன்னும் வாதத்துக்குத் தயாராகவில்லை. தாள்களை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டு முடியும்வரை திறக்காதீர்கள். எங்கள் உறைகள் தொலைக்காட்சிக்குக் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன.

2022-இன் உறையை 2025 ஜனவரியில் திறந்தோம். ஸ்டிங்லி முதல் ஆல்-புரோ அணிக்குத் தேர்வான மறுநாள் சனிக்கிழமை. சார்ஜர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அவர் இரண்டு பந்துகளை இடைமறித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் என் குறிப்பேட்டுத் தாளை வாங்கி 'தோல்வி' என்ற சொல்லைச் சத்தமாகப் படித்தார். நான் பேனாவை எடுத்து அதை அடித்து, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். "இப்போது உங்கள் தாளை எடுங்கள்" என்றேன். அவர் எழுதியிருந்த கார்ட்னர் வரியில் தொடங்கினோம்.