காபியில் திரிந்த சூரியகாந்தி விதைப் பால்

சூரியகாந்தி விதையிலிருந்து எடுத்த பால் தனியாகக் குடிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் சூடான காபியில் ஊற்றியதும் திரிந்து, பொடிப்பொடியான வெண்துகள்களாக மேலே மிதந்தது. காபியின் புளிப்புத் தன்மையும் சூடும் ஒன்றுசேர்ந்து விதையின் புரதத்தை உறைய வைப்பதே இதற்குக் காரணம் என்பதால், பாலை மாற்றாமல் கலக்கும் முறையை மாற்றினேன்.

தோல் நீக்கிய விதைகளை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்கு அலசிய பின், ஒரு கோப்பை விதைக்கு மூன்று கோப்பை குளிர்ந்த நீர் சேர்த்து அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுகிறேன். துணியை முறுக்கிப் பிழிந்தால் நுண்ணிய சக்கையும் இறங்கி அடியில் மண்டியாகப் படிகிறது. ஆகவே தானாக வடிந்த பிறகு இலேசாக மட்டுமே அழுத்துகிறேன்.

பாலைக் கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பாகச் சூடாக்கி, சற்றே ஆறிய காபியை அதில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கியபோது அது திரியவில்லை. புளிப்பு மிகுந்த காபித்தூளைவிட நன்கு கருக வறுத்த தூளே இதற்கு ஒத்துவருகிறது.

புளிப்பைக் குறைக்கச் சமையல் சோடாவும் சேர்க்கலாம்தான். ஆனால் சூரியகாந்தி விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் என்ற இயற்கைச் சேர்மம் சோடாவின் காரத்தன்மையோடு சேரும்போது பச்சை நிறம் காட்டும். கெடுதல் இல்லையென்றாலும் பார்க்க மனம் ஒப்பவில்லை, அதனால் அதைத் தவிர்க்கிறேன். மீந்த பாலைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் பயன்படுத்திவிடுகிறேன். நீர் தனியே பிரிந்து நின்றால் குலுக்கினாலே போதும்.