நாஸ் பெட்டிக்கு மாற்று ஹார்ட் டிஸ்க்: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வீட்டுக்குள் ஏதோ 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. அப்பா எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து மூடினார். இன்வெர்ட்டரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "உன் பொட்டிதான் தாயி அழுகுது" என்று என்னை எழுப்பினார்.

அது இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி; வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, படம், ஃபைல் எல்லாம் சேமித்து வைக்கும் பெட்டி. ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். இடதுபக்க விளக்கு ஆரஞ்சில் எரிந்தது. காரைக்குடியில் ஜெராக்ஸும் போட்டோ பிரிண்டும் போடும் சின்னக் கடை என்னுடையது. பன்னிரண்டு வருஷத்துக் கல்யாண ஆல்பம், வீட்டுப் படங்கள், அக்கா மகன் தவழ்ந்த வீடியோ என்று 2.6 டிபி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. மாற்று டிஸ்குக்கு ஒதுக்க முடிந்தது பத்தாயிரம் ரூபாய். அதற்குள் எப்படி முடித்தேன் என்று சொல்கிறேன்.

முதலில், டிஸ்க் நிஜமாகவே செத்துவிட்டதா என்று பாருங்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஸ்மார்ட் தகவல் என்று, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஒரு பட்டியல் வரும். அதில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு எதிரே இருக்கும் 'ரா' (Raw) மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன, கெடப்போகிற செக்டர்களின், அதாவது டிஸ்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டங்களின் கணக்கு அது. பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. ஒரு சின்ன எண்ணாக அப்படியே நின்றால் கண்காணிக்கலாம். நாளுக்கு நாள் ஏறினால் முடிந்தது கதை. எனக்கு 5-ஆம் எண் காலையில் 312, சாயங்காலம் 480. மாறாக 199 மட்டும் ஏறினால் டிஸ்கின் மேல் பழி போடாதீர்கள்; அது கேபிள் அல்லது இணைப்பின் கோளாறு. பெட்டியை அணைத்து, டிஸ்கை உருவித் திரும்ப அழுத்திச் செருகினாலே பலருக்கும் சரியாகிவிடும். சீகேட் வைத்திருப்பவர்கள் 1, 7 ஆகிய எண்களுக்கு எதிரே கோடிக்கணக்கில் தெரிவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்தக் கம்பெனி கணக்கு எழுதும் முறை அப்படி.

கடைக்கு ஓடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. மிஞ்சிய டிஸ்கில் உள்ளதை ஒரு யுஎஸ்பி டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் இடம் இல்லையென்றால் திரும்ப எடுக்கவே முடியாத படங்களை மட்டுமாவது. ஏனென்றால் புது டிஸ்க் போட்டதும் ரீபில்ட், அதாவது மிஞ்சிய டிஸ்கில் உள்ளதையெல்லாம் புதுசில் எழுதும் வேலை நடக்கும். பழைய டிஸ்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை அது படிக்கும். என் வலதுபக்க டிஸ்க் 43 ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஓடியது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருந்தேன். அண்ணன் படுத்தால் தம்பியையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

அப்புறம் அளவு. மாற்று டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், சிறியது செல்லாது. 4 டிபியோடு 8 டிபியை ஜோடி சேர்த்தால் ரெய்டு 1-இல் கிடைப்பது 4 தான், மிச்சம் 4 சும்மா கிடக்கும், இரண்டாவதையும் மாற்றும் வரை. விலையை டிபியால் வகுத்துப் பாருங்கள். நான் விசாரித்த அன்று 2 டிபி 6,100 ரூபாய், 4 டிபி 9,300, 8 டிபி 18,500. ஒரு டிபிக்கு முறையே 3,050, 2,325, 2,312 வருகிறது. சின்ன டிஸ்க்தான் அதிக விலை. பன்னிரண்டு வருஷத்தில் 2.6 தானே நிரம்பியிருக்கிறது என்று 4-லேயே நின்றுகொண்டேன்.

இனி முக்கியமான விஷயம். ஹார்ட் டிஸ்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு ஜாதி. எங்கள் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு ஓட்டின் விளிம்பில் அடுத்த ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் உருவ முடியாது. ஏறி உட்கார்ந்திருப்பதை எல்லாம் எடுத்து வைத்து, மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். சிஎம்ஆர் டிஸ்கில் தகவல் எழுதும் தடங்கள் ஏறாமல் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆர் டிஸ்கில் அந்த ஓடுகள் மாதிரியே ஏறிக் கிடக்கின்றன. கொஞ்சமாக எழுதும்போது ஒன்றும் தெரியாது. விடாமல் எழுதினால் மூச்சு வாங்கும். ரீபில்ட் என்பது மணிக்கணக்கில் விடாமல் எழுதுவதுதான். என் 4 டிபிக்கு நொடிக்கு 150 எம்பி என்று வைத்தாலே ஏழரை மணி நேரம்.

2020 ஏப்ரலில் இது பெரிய சண்டையானது. நாஸ் டிஸ்க் என்று விற்ற டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஒரு தொழில்நுட்பத் தளம் சோதித்தபோது, சிஎம்ஆர் டிஸ்குகள் ஒரு நாளுக்குள் முடித்த ரீபில்ட் வேலையை எஸ்எம்ஆர் டிஸ்க் முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் எடுத்தது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளை 'ரெட் பிளஸ்' என்று தனியாகப் பிரித்தார்கள். ஆகவே டபிள்யூடி என்றால் வெறும் ரெட் வேண்டாம், ரெட் பிளஸ் கேளுங்கள். சீகேட் என்றால் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்றால் என்300. டெஸ்க்டாப்புக்கான சீகேட் பாராகுடா 4 டிபி (எஸ்டி4000டிஎம்004) எஸ்எம்ஆர். விலை குறைவு என்று அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அது கெட்ட டிஸ்க் என்று சொல்லவில்லை. பேக்கப் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்காக இருந்தால் தாராளமாகப் போதும்.

நிமிஷத்துக்கு 7,200 சுற்று, 'ப்ரோ' என்ற சொல் இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். வீட்டு கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி சுமாருக்கு மேல் போகாது. 5,400 சுற்று டிஸ்கே அதைத் தாண்டிவிடும். கூடுதல் சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது சத்தமும் சூடும்தான்.

பட்ஜெட்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு: சிசிடிவி டிஸ்க். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக். ராப்பகலாக ஓடுவதற்கென்றே செய்தவை, மூன்று வருஷ வாரண்டி, கேமரா மாட்டுகிற கடைகளில் சின்ன ஊரிலும் கிடைக்கும். வாங்கும் மாடல் சிஎம்ஆர்தானா என்று கம்பெனி பட்டியலில் பார்த்துக்கொண்டால் வீட்டு நாஸுக்கு ஒத்துப்போகும். எனக்கு எழுநூறு ரூபாய்தான் வித்தியாசம் வந்தது, அதனால் நாஸ் டிஸ்கையே எடுத்தேன். ஆயிரத்து ஐந்நூறு என்றால் யோசிக்காமல் பர்ப்பிளைத் தூக்கியிருப்பேன்.

வாங்கியது ரிச்சி ஸ்ட்ரீட்டில். கடைக்கான சாமான் வாங்க எப்படியும் பல்லவனில் சென்னை போகிற வேலை இருந்தது. முதல் கடையில் 8,400 என்றார்கள். "மாடல் நம்பர் என்ன தம்பி?" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்க்கா, 4 டிபி." அந்த 'எல்லாம் ஒண்ணுதான்' காதில் விழுந்தாலே உஷாராகிவிட வேண்டும். டிஸ்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். செருகும் பக்கத்துத் தங்க நிறப் பற்களில் மெல்லிய கீறல்கள், பக்கவாட்டுத் திருகு ஓட்டைகளைச் சுற்றிப் பெயின்ட் உரிந்த வட்டம். ஏற்கெனவே எங்கேயோ மாட்டியிருந்த டிஸ்க். லேபிளைப் போனில் படம் எடுத்து, சீரியல் நம்பரைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் அங்கேயே நின்று தட்டினேன். வாரண்டி இல்லை என்று வந்தது. "இம்போர்ட் பீஸ்க்கா, நாங்க ஒரு வருஷம் பார்த்துக்குவோம்" என்றார் தம்பி. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இரண்டாவது கடையில் 9,300. கவர் பிரிக்காதது, சீரியல் நம்பர் போட்டால் மூன்று வருஷம் காட்டியது. பில்லில் அந்த நம்பரை எழுதச் சொல்லி வாங்கினேன். ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்தக் குறைப்பு உதவாது.

வீட்டுக்கு வந்ததும் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள், அது 9-ஆம் எண். புதுசு என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பவும் முடியாது. 2025 தொடக்கத்தில், பழைய சீகேட் டிஸ்குகளின் இந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுசு என்று விற்ற மோசடி ஜெர்மனியில் வெளிவந்தது. சீகேட் டிஸ்குக்குள் ஓடிய மணி நேரத்தைக் குறிக்கும் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு இருக்கிறது. சிக்கியவற்றில் அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி நீண்ட ஸ்மார்ட் சோதனையை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். பழுதான டிஸ்க் என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

மாட்டும்போது தப்பான டிஸ்கை உருவுகிறவர்கள் உண்டு, அதுவும் பதற்றத்தில். நல்லதை உருவினால் பெட்டியே படுத்துவிடும். எந்த சீரியல் நம்பர் செத்தது என்று திரையில் பார்த்து, டிஸ்கின் லேபிளோடு ஒப்பிட்ட பிறகே டிஸ்க் மாட்டியிருக்கும் தட்டை இழுங்கள். இப்போது இரண்டு தட்டிலும் பேப்பர் டேப் ஒட்டி, சீரியலின் கடைசி நாலு எழுத்தையும் வாங்கிய மாதத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு ரீபில்ட் ஒன்பது மணி நேரம் ஓடியது. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. நாஸும் ரவுட்டரும் யுபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பித்தேன். செத்த டிஸ்குக்கு வாரண்டி முடிந்திருந்தது. உள்ளே ஊர்க்காரர்களின் கல்யாணப் படங்கள் இருக்கின்றனவே, அப்படியே பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்து டிரில் போட்டு மூன்று ஓட்டை போட்டு வாங்கினேன். பட்டறை அண்ணன் காசு வாங்க மாட்டேன் என்றார், அவர் மகளின் பாஸ்போர்ட் போட்டோவை ஃப்ரீயாகப் போட்டுக் கொடுத்தேன்.