எக்ஸாம்ப்: சொந்தக் கணினியில் வெப் சர்வர் அமைப்பது எப்படி?

பிஎச்பி கற்கவோ வேர்ட்பிரஸ் தளம் கட்டிப் பழகவோ ஹோஸ்டிங் வாங்கத் தேவையில்லை. நிறுவி முடித்தபின் நெட் இணைப்புகூட வேண்டாம். வேண்டியவை மூன்றுதான்: பக்கத்தை பிரவுசருக்கு எடுத்துக் கொடுக்கும் வெப் சர்வர், நிரலை இயக்கும் பிஎச்பி, தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ். இவற்றைத் தனித்தனியாக நிறுவி ஒன்றோடொன்று பொருத்துவது புதியவருக்குத் தலைவலி. அப்பாச்சி என்ற வெப் சர்வர், மரியாடிபி என்ற டேட்டாபேஸ், பிஎச்பி, பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழி எல்லாவற்றையும் முன்கூட்டியே பொருத்தி ஒரே இன்ஸ்டாலராகத் தருவது எக்ஸாம்ப். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கே விண்டோஸ் முறையைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் எழுதுவது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தானா? அப்படியானால் இது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. விஎஸ் கோடில் லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் வேலை முடிந்தது. பிஎச்பி அல்லது டேட்டாபேஸ் வரும்போது இங்கே திரும்பி வாருங்கள்.

இன்னொன்று: கோப்பு, ஃபோல்டர், கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். நீங்களாகப் பெயர் வைக்கும்போது எல்லாம் சிற்றெழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காது. பிறகு தளத்தை ஏற்றப்போகும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். இங்கே ஓடியது அங்கே ஓடாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

1. நிறுவுதல்

அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டிஸ்கில் 2 ஜிபி இடம் இருந்தால் தாராளம். இன்ஸ்டாலரைத் திறந்ததும் யூஏசி (விண்டோஸின் அனுமதிக் காவல்) பற்றி ஓர் எச்சரிக்கை வரலாம். பயப்பட ஒன்றுமில்லை, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவாதே என்பதுதான் அதன் சாரம். அந்த ஃபோல்டருக்குள் எழுத விண்டோஸ் எளிதில் அனுமதிக்காது. டேட்டாபேஸோ நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே இருக்கும். சி டிரைவில் நேரடியாக எக்ஸாம்ப் என்ற ஃபோல்டரை அதுவே காட்டும். அப்படியே விட்டுவிடுங்கள்.

எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்ற பட்டியலில் மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்), பிஎச்பிமைஅட்மின் (அதைப் பிரவுசரிலிருந்து கையாளும் கருவி) இரண்டிலும் டிக் இருக்க வேண்டும். அப்பாச்சியும் பிஎச்பியும் தாமாகவே வந்துவிடும். ஃபைல்ஜில்லா, மெர்க்குரி, டாம்கேட், வெபலைசர் ஆகியவற்றை எடுத்துவிடலாம். பேனலில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது மரியாடிபிதான். கற்கும் நிலையில் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

2. ஸ்டார்ட்

எக்ஸாம்ப் கன்ட்ரோல் பேனலைத் திறந்து அப்பாச்சிக்கு எதிரே உள்ள ஸ்டார்ட்டை அழுத்துங்கள். பெயரின் பின்னணி பச்சையாகி, பக்கத்தில் 80, 443 என்ற போர்ட் எண்கள் (இணைப்புகள் உள்ளே வரும் கதவு எண்கள்) வர வேண்டும். மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. ஃபயர்வால் அனுமதி கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். பப்ளிக் வேண்டவே வேண்டாம். இந்த டேட்டாபேஸில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பழகுவதற்காகத் திறந்த கதவோடு வரும் சர்வர் இது.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் முகவரி) என்று தட்டினால் எக்ஸாம்பின் வரவேற்புப் பக்கம் வரும். வந்துவிட்டால் அடுத்த பகுதியைத் தாண்டி நேரே நான்காவது படிக்குப் போகலாம்; அங்கே லோக்கல்ஹோஸ்ட்:8081 என்று வரும் இடங்களில் எண்ணை விட்டுவிட்டு லோக்கல்ஹோஸ்ட் மட்டும் தட்டுங்கள்.

3. அப்பாச்சி சிவப்பு எழுத்தில் கத்தினால்

ஸ்டார்ட் அழுத்தியதும் மஞ்சளாகி உடனே அணைந்துவிடுகிறது. கீழே லாக் பகுதியில் "அப்பாச்சி ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி" என்று சிவப்பில் வருகிறது. பலர் இந்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். மறுபடியும் அதே சிவப்பு. வருவதில் வியப்பில்லை: கோளாறு எக்ஸாம்பில் இல்லை, போர்ட்டில் இருக்கிறது.

ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் காது கொடுத்து உட்கார முடியும். 80ஐ வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். யார் என்று அதே லாக்கில் இரண்டு வரி மேலே பெரும்பாலும் எழுதியிருக்கும். இல்லையென்றால் பேனலின் வலப்பக்கம் உள்ள நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்துங்கள். போர்ட் 80க்கு நேரே இருக்கும் பெயரையும் பிஐடி எண்ணையும் (ஓடும் புரோகிராமுக்கு விண்டோஸ் தரும் அடையாள எண்) பாருங்கள்.

பிஐடி 4 என்று இருந்தால், பிடித்திருப்பது விண்டோஸேதான். அதன் உள்ளேயே இருக்கும் ஐஐஎஸ் என்ற வெப் சர்வர் ஓடிக்கொண்டிருப்பது வழக்கமான காரணம். சர்வீசஸ் சாளரத்தில் "வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்" என்பதைத் தேடி ஸ்டாப் செய்து, ஸ்டார்ட்டப் வகையை மேனுவல் ஆக்குங்கள். அலுவலகக் கணினி என்றால் அதைத் தொடாதீர்கள். வேறு ஏதாவது அதை நம்பி ஓடலாம். 443இல் மட்டும் மோதல் என்றால் விஎம்வேர் போன்றவற்றைச் சந்தேகியுங்கள்.

என்னைக் கேட்டால், யார் பிடித்தார்கள் என்று துப்பறிவதைவிட நாம் நகர்ந்துகொள்வது சுலபம். அப்பாச்சி வரிசையில் கான்ஃபிக் பொத்தான், அதில் முதலாவதாக இருக்கும் எச்டிடிபிடி டாட் கான்ஃப். நோட்பேடில் திறக்கும். "லிசன் 80" என்ற வரியைத் தேடுங்கள். வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி இருந்தால் அது வெறும் குறிப்பு, மாற்றிப் பயனில்லை. குறி இல்லாத வரியில் 80ஐ 8081 ஆக்குங்கள். சற்றுக் கீழே "சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட்:80" என்ற வரியிலும் அதே மாற்றம். பலர் 8080 வைப்பார்கள். டாம்கேட் இயல்பாக உட்காரும் இடம் அது, நாளைக்கு மோதல் வரும்.

443உம் மாட்டியிருந்தால் அதே கான்ஃபிக் பட்டியலில் எச்டிடிபிடி-எஸ்எஸ்எல் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து "லிசன் 443" என்பதை 4433 ஆக்குங்கள்.

இனி பலரும் விட்டுவிடும் ஒரு படி. பேனலின் வலது மேல் மூலையில் தனியாக ஒரு கான்ஃபிக் பொத்தான் இருக்கிறது. அதில் சர்வீஸ் அண்ட் போர்ட் செட்டிங்ஸ் போய், அங்கேயும் 8081 கொடுங்கள். பேனல் அப்பாச்சியின் கோப்பைப் படித்துப் போர்ட்டைத் தெரிந்துகொள்வதில்லை. தன்னிடம் எழுதி வைத்த எண்ணைத்தான் சோதிக்கும். மாற்றாவிட்டால் சர்வர் நன்றாக ஓடும்போதும் 80 கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கும்.

இனிமேல் முகவரி லோக்கல்ஹோஸ்ட்:8081. எண்ணை விட்டுவிட்டுத் தட்டினால் 80ஐப் பிடித்திருப்பவரின் பக்கம்தான் வரும்.

4. முதல் பக்கம்

எக்ஸாம்ப் ஃபோல்டருக்குள் எச்டிடாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சர்வர் பார்ப்பது இதை மட்டுமே. இதனுள் ஏதாவது ஒரு பெயரில், உதாரணமாக டெஸ்ட் என்று, ஃபோல்டர் போட்டு, அதில் இண்டெக்ஸ் டாட் பிஎச்பி என்ற கோப்பை உருவாக்குங்கள். உள்ளே பிஎச்பி தொடக்கக் குறி, அடுத்து பிஎச்பிஇன்ஃபோ என்ற ஃபங்ஷன், அடைப்புக்குறி, அரைப்புள்ளி. லோக்கல்ஹோஸ்ட்:8081, சாய்கோடு, டெஸ்ட் என்று தட்டினால் ஊதா நிறத் தலைப்போடு நீண்ட பட்டியல் வர வேண்டும். இந்தப் பட்டியலில் "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" என்ற வரி, பிஎச்பி எந்த அமைப்புக் கோப்பைப் படிக்கிறது என்று சொல்லும். பின்னால் உதவும்.

வராவிட்டால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். கோப்பை மவுஸால் இரட்டைச் சொடுக்கித் திறந்தீர்களா? அப்போது முகவரிப் பட்டையில் ஃபைல் என்று தொடங்கும்; சர்வர் இதில் வரவே இல்லை, எழுதிய நிரல் அப்படியே தெரியும் அல்லது வெற்றுப் பக்கம் வரும். இன்னொன்று, நோட்பேட் இறுதியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியலில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை ஆன் செய்தே வைத்திருங்கள்.

5. டேட்டாபேஸ், தமிழ் எழுத்து

லோக்கல்ஹோஸ்ட்:8081, சாய்கோடு, பிஎச்பிமைஅட்மின். இடப்பக்கம் நியூ. பெயர் கொடுத்து, பக்கத்தில் உள்ள கொலேஷன் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் முறை) பெட்டியில் யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ தேர்ந்தெடுத்து கிரியேட் அழுத்துங்கள். எம்பி4 இல்லாத பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு 3 பைட் போதும். 4 பைட் கேட்கும் எமோஜிக்குப் போதாது.

தமிழ் சரியாக வரவில்லை என்றால், எப்படித் தவறாக வருகிறது என்று உற்றுப் பாருங்கள். நோய் அதிலேயே தெரியும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. டேபிள் தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1 என்ற பழைய முறையில் இருக்கிறது, அல்லது உங்கள் நிரல் டேட்டாபேஸோடு பேசும் இணைப்பு யூடிஎஃப்8எம்பி4இல் இல்லை. டேபிளைத் திறந்து பார்த்தால் அங்கேயும் கேள்விக்குறிதான் இருக்கும். அவற்றை மீட்க வழியில்லை; சரிசெய்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். டேட்டாபேஸின் கொலேஷனை மட்டும் மாற்றினால் போதாது, அது இனி உருவாகும் டேபிள்களுக்குத்தான் பொருந்தும்; இருக்கிற டேபிளைத் தனியே மாற்ற வேண்டும்.

தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் குப்பையாக வந்தால் நிம்மதியாக இருங்கள். பெரும்பாலும் தகவல் பத்திரமாக இருக்கிறது, பிரவுசர்தான் தப்பாகப் படிக்கிறது. பக்கத்தின் ஹெட் பகுதியில் மெட்டா கேரக்டர்செட் யூடிஎஃப்-8 சேருங்கள். வெறும் கட்டங்கள் வந்தால் ஃபான்ட் இல்லை, அவ்வளவே.

இதோடு சேர்த்து ஒன்று. பிஎச்பியில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை எஸ்டிஆர்லென் கொண்டு கேட்டால் 15 என்று சொல்லும். அது பைட்டை எண்ணுகிறது. எம்பி அண்டர்ஸ்கோர் எஸ்டிஆர்லென் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் கண்ணுக்குத் தெரியும் 3 வேண்டுமானால் கிராஃபீம் அண்டர்ஸ்கோர் எஸ்டிஆர்லென். இதற்கு பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி டாட் ஐஎன்ஐயில் "எக்ஸ்டென்ஷன்=இன்டெல்" வரியின் முன்னுள்ள அரைப்புள்ளியை நீக்கி அப்பாச்சியை நிறுத்தித் தொடங்க வேண்டும். அந்த வரியின் ஆங்கில எழுத்துகள் ஐ, என், டி, எல். சிப் கம்பெனி பெயரைத் தேடினால் கிடைக்காது.

6. மைஎஸ்கியூஎல் எழவில்லை என்றால்

நேற்று வரை ஓடியது, இன்று ஸ்டார்ட் அழுத்தினால் அணைகிறது. பேனலில் லாக்ஸ் அழுத்தி மைஎஸ்கியூஎல் எரர் லாக்கின் கடைசி வரிகளைப் படியுங்கள். 3306 பற்றிப் பேசினால் மீண்டும் போர்ட் மோதல். தனியாக நிறுவிய இன்னொரு மைஎஸ்கியூஎல் இருக்கும். அப்படி இல்லாமல் ஏரியா என்றோ இன்னோடிபி என்றோ (இரண்டும் டேபிள்களைச் சேமிக்கும் உள் இயந்திரங்கள்) தொடங்கும் எரர் வரிகள் இருந்தால், டேட்டாபேஸ் ஓடும்போதே கணினி அணைக்கப்பட்டு கோப்புகள் சிதைந்திருக்கின்றன.

எதையும் அழிக்காதீர்கள். எக்ஸாம்ப், மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் டேட்டா என்ற ஃபோல்டர் இருக்கும். முதலில் அதை அப்படியே வேறிடத்தில் நகல் எடுங்கள். பிறகு அதன் பெயரை டேட்டா-ஓல்ட் என்று மாற்றுங்கள். பக்கத்திலேயே பேக்கப் என்ற ஃபோல்டர் புத்தம்புதிதாக இருக்கும்; அதை நகலெடுத்து டேட்டா என்று பெயரிடுங்கள். ஓல்டிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும், ஐபிடேட்டா1 என்ற கோப்பையும் புதியதற்குள் போடுங்கள். மைஎஸ்கியூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் ஃபோல்டர்களைக் கொண்டுவர வேண்டாம்.

ஐபிடேட்டா1ஐ மறந்தால் டேபிள் பெயர்கள் பட்டியலில் தெரியும், சொடுக்கினால் அப்படியொரு டேபிள் இல்லை என்று வரும். எந்த டேபிள் எங்கே என்ற கணக்கை இன்னோடிபி வைத்திருப்பது அந்தக் கோப்பில்தான். சிதைவு அந்தக் கோப்பிலேயே என்றால் இந்த வைத்தியம் பலிக்காது. ஆகவே வாரம் ஒருமுறை பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள். கணினியை அணைக்கும் முன் பேனலில் ஸ்டாப் அழுத்துவதைப் பழக்கமாக்குங்கள். பேனலின் பெருக்கல் குறி சாளரத்தை மட்டும் ஒளித்துவைக்கும், சர்வரை நிறுத்தாது.

7. வேர்ட்பிரஸ்

இறக்கிய வேர்ட்பிரஸ் ஜிப்பை விரித்து உள்ளே இருக்கும் வேர்ட்பிரஸ் ஃபோல்டரை எச்டிடாக்ஸில் போட்டு, பெயரை பிளாக் என்று மாற்றுங்கள். லோக்கல்ஹோஸ்ட்:8081, சாய்கோடு, பிளாக். கேட்கும் இடங்களில் நீங்கள் உருவாக்கிய டேட்டாபேஸ் பெயர், யூசர்நேம் ரூட், பாஸ்வேர்ட் காலி, ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட். பாஸ்வேர்ட் பெட்டியில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் துடைத்துவிடுங்கள். இல்லையேல் இணைப்பு மறுக்கப்படும்.

போர்ட்டை மாற்றுவதாக இருந்தால் இதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வேர்ட்பிரஸ் தன் முகவரியைப் போர்ட் எண்ணோடு டேட்டாபேஸில் எழுதி வைக்கும். பிறகு மாற்றினால் தளம் பழைய முகவரிக்கே ஓடும். ஆப்ஷன்ஸ் டேபிளில் சைட்யூஆர்எல், ஹோம் இரண்டு வரிகளையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

இங்கிருந்து மின்னஞ்சல் போகாது, எனவே அட்மின் பாஸ்வேர்டை மறந்தால் ரீசெட் இணைப்பும் வராது. பிஎச்பிமைஅட்மினில் யூசர்ஸ் டேபிளைத் திறந்து உங்கள் வரியை எடிட் செய்து, யூசர் பாஸ் என்ற இடத்தில் புதிய பாஸ்வேர்டைத் தட்டி, அதே வரியின் ஃபங்ஷன் பட்டியலில் எம்டி5 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். உள்ளே நுழைந்ததும் வேர்ட்பிரஸ் அதைத் தன் முறைக்கு மாற்றிக்கொள்ளும்.

பெரிய எஸ்கியூஎல் கோப்பை இம்போர்ட் செய்யும்போது அளவு மீறியது என்று வந்தால், பிஎச்பி டாட் ஐஎன்ஐயில் அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ், போஸ்ட் மேக்ஸ் சைஸ் இரண்டையும் கூட்டுங்கள். இரண்டாவது முதலாவதைவிடக் குறையக் கூடாது. மாற்றிய பின்னும் பழைய எண்ணே தெரிந்தால் அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கவில்லை, அல்லது வேறு ஐஎன்ஐ கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள். நான்காவது படியில் சொன்ன பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைத் திறந்து, கோப்பின் பாதையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.