என்சைம் மாத்திரை: எப்படி வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது விழுங்குவது

செரிமானத்துக்கு என்சைம் சாப்பிட்டும் பலன் தெரியவில்லை என்றால் பலர் உடனே வேறு பிராண்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். மாத்திரை வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது? சாப்பாட்டின் எந்தக் கட்டத்தில் உள்ளே போகிறது? என்சைம் ஒரு புரதம். சூடு பட்டால் அதன் வடிவம் குலைந்துவிடும். ஈரம் பட்டால், புரதத்தை உடைக்கும் என்சைம் பக்கத்தில் இருக்கும் மற்ற என்சைம்களையே உடைக்கத் தொடங்கும். இதெல்லாம் தப்பிப் பிழைத்தாலும், உணவு போய்ச் சேர்ந்த பிறகு தாமதமாகப் போனால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

படி 1: கையில் இருப்பது எந்த வகை?

மெடிக்கல் ஷாப்பில் என்சைம் என்று கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சரக்குகள் கிடைக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

'ஃபங்கல் டயஸ்டேஸ்' என்றிருந்தால் அது மாவுச்சத்தை உடைப்பது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1894-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டாகா-டயஸ்டேஸ்தான் இதற்கு முன்னோடி. சோயா சாஸ் செய்யப் பயன்படும் பூஞ்சையிலிருந்து எடுத்தது. இதோடு புரதத்தை உடைக்கும் பெப்சினோ, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பாயினோ சேர்ந்து வரும். நம் ஊரில் கிடைக்கும் யூனிஎன்சைம், அரிஸ்டோசைம் எல்லாம் இந்த ரகம்.

'பேங்க்ரியாட்டின்' என்றிருந்தால் அது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது. கிரியான் போன்ற கேப்சூல்கள் இந்த வகை. கணையம் போதிய அளவு சுரக்காதவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. அசைவமோ பன்றியோ ஆகாது என்பவர்கள் மருந்து தொடங்கும் முன்பே டாக்டரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். பாதியில் தெரிந்து நிறுத்துவது உடம்புக்குக் கெடுதல். கேப்சூலுக்குள் இருக்கும் சின்ன உருண்டைகளுக்கு அமிலத்தில் கரையாத பூச்சு உண்டு. பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்கு மேல் போனதும், அதாவது சிறுகுடலை எட்டியதும், பூச்சு கரையும். கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் பி.எச். 4-க்குக் கீழே போனால் மறுபடி உயிர் பெறாது. அதனால்தான் இந்தப் பூச்சு.

பாலுக்கு லாக்டேஸ். பயறு, சுண்டல், மொச்சை சாப்பிட்டால் வரும் வாயுவுக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ். இவை தனி.

பல் டாக்டர் வீக்கத்துக்கு எழுதும் செராஷியோபெப்டிடேஸும் என்சைம்தான், ஆனால் செரிமானத்துக்கானது அல்ல. சாப்பாட்டு நேரம் பற்றிக் கீழே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

படி 2: வாங்கும்போது

மருந்து அட்டையில் காலாவதி 08/2026 என்று மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், ஆகஸ்ட் மாதக் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம் என்று அர்த்தம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவது.

அடுத்து அளவு. என்சைமின் எடை அதன் வேலைத்திறனைச் சொல்லாது. 100 மில்லிகிராம் பொடியில் உயிருள்ள என்சைம் நிறையவும் இருக்கலாம், பெயருக்கும் இருக்கலாம். 'யூனிட்' கணக்குதான் செயல்திறனின் கணக்கு: லாக்டேஸுக்கு எஃப்.சி.சி. (உணவு வேதிப்பொருள் தரநூல்) யூனிட், பேங்க்ரியாட்டினுக்கு லைப்பேஸ் யூனிட். டப்பாவில் மில்லிகிராம் மட்டும் போட்டு யூனிட்டே இல்லையென்றால் அதை வாங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. கணைய என்சைம் தயாரிப்புகள் எல்லாமே முறைப்படி அங்கீகாரம் பெற வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-ல் அறிவித்தது. 2010 ஏப்ரலுக்குப் பிறகு அங்கீகாரம் இல்லாதவற்றுக்கு இடமில்லாமல் போனது. சரக்குக்குச் சரக்கு வீரியம் மாறியதும், வைத்திருக்கும்போதே குறைந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

பாட்டிலா அட்டையா என்ற தேர்வு இருந்தால் அட்டையை எடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் அத்தனை மாத்திரைக்கும் ஈரக்காற்று படும். அட்டையில் பிரித்த ஒன்றுக்கு மட்டும்தான் படும். சித்திரை, வைகாசியில் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்சல் டெலிவரி வண்டியில் வெயிலில் கிடந்து வரும். அவசியம் உள்ளவர்கள் அந்த மாதங்களில் பக்கத்துக் கடையில் வாங்குவதே மேல்.

படி 3: வைக்கும் இடம்

அச்சிட்ட தேதி, அதோடு சேர்த்து அச்சிட்ட வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டது. 'திறந்த பிறகு இத்தனை மாதத்துக்குள்' என்று சில பாட்டில்களில் தனியாகவும் போட்டிருக்கும். அப்படியானால் திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதிவிடுங்கள். கிரியானின் அமெரிக்க லேபிளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியஸ் வரை வைக்கலாம். 25-லிருந்து 40 டிகிரிக்குள் 30 நாள் வரை போய்வந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் சூடும் 70 சதவீதத்தைத் தாண்டிய ஈரப்பதமும் பட்டால் தூக்கிப் போடச் சொல்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் 70 சதவீத ஈரப்பதம் சாதாரண நாளிலேயே வரும். கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள அறை இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆக, தேதி மிச்சமிருக்கிறது என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கூடாத இடங்கள்: அடுப்பு மேடைக்கு மேல் அலமாரி, ஃப்ரிட்ஜின் தலை (பின்பக்கச் சூடு மேலேறும்), விளக்கெரியும் பூஜை அலமாரி, குளியலறை, ஜன்னல் திண்டு, கார், ஸ்கூட்டர் டிக்கி. மண்பானைக்குள் வைத்துக் குளிர வைப்பதும் வேண்டாம். வெப்பம் குறையும், ஆனால் ஈரம் ஏறும். என்சைமுக்கு ஈரம்தான் பெரிய எதிரி.

நல்ல இடம்: வெயில் படாத சுவரை ஒட்டிய பீரோவின் கீழ்த்தட்டு. ஏசி ஓடும் படுக்கையறையாக இருந்தால் இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் வெப்ப-ஈரப்பதமானி ஒன்றை அந்தத் தட்டில் ஒரு நாள் வைத்து, மத்தியானம் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஊகத்தைவிட அந்த எண் பயன்படும்.

மாத்திரையைச் சொந்த பாட்டிலிலிருந்து மாற்றாதீர்கள். திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட பெட்டியில் ஒரு வாரத்துக்குப் பிரித்து வைப்பது பிரஷர் மாத்திரைக்குச் சரி, என்சைமுக்குச் சரியில்லை. பாட்டிலில் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளேயே விடுங்கள். பஞ்சு இருந்தால் முதல் நாளே எடுத்துப் போடுங்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரக்கையை உள்ளே விடாமல் மூடியில் ஒன்றைத் தட்டி எடுங்கள், உடனே மூடுங்கள்.

ஃப்ரிட்ஜ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். லேபிள் சொன்னால் மட்டும் வைக்கலாம். சில லாக்டேஸ் சொட்டு மருந்துகளைத் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். மற்றபடி குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்தவுடன் திறந்தால் காற்றின் ஈரம் மாத்திரை மேல் நீராகப் படியும். அறை 35 டிகிரியைத் தாண்டுகிறது, வேறு வழியே இல்லை, லேபிளும் ஃப்ரிட்ஜ் கூடாது என்று சொல்லவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்: பாட்டிலைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் அல்லாமல் உள்தட்டில் வையுங்கள். மாத்திரை எடுக்க வேண்டியபோது டப்பாவை வெளியே வைத்து ஒரு மணி நேரம் மூடியபடியே விடுங்கள். டப்பாவின் வெளிப்பக்கம் வியர்ப்பது நின்ற பிறகே திறக்க வேண்டும். ஃப்ரீசர் எந்த நிலையிலும் வேண்டாம்.

படி 4: விழுங்கும் நேரம்

பேங்க்ரியாட்டின் உணவோடு கலந்தே சிறுகுடலுக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் முன்னே ஓடிவிடும். எல்லாம் முடிந்து போட்டால் பின்னே நிற்கும். டாக்டர் ஒரு வேளைக்கு இரண்டு கேப்சூல் எழுதியிருந்தால், முதலாவதை முதல் வாய் சாம்பார் சாதத்தோடு விழுங்குங்கள், இரண்டாவதை ரசத்துக்குப் போகும்போது. ஒன்றுதான் என்றால் முதல் வாயோடு. சாயங்காலம் வடை, பஜ்ஜி, பால் காபி என்றால் அதற்கும் தேவைப்படும். வழக்கமாகச் சாப்பாட்டுக்கு எடுக்கும் மருந்தளவில் பாதி. வெறும் பழத்துக்கும் கடுங்காப்பிக்கும் பொதுவாகத் தேவையில்லை.

சாதாரணத் தண்ணீரில் விழுங்குங்கள். கொதிக்கக் கொதிக்க ரசம், காபியோடு வேண்டாம். மெல்லக் கூடாது, வாயில் வைத்திருக்கக் கூடாது. உருண்டை உடைந்தால் வாய்ச் சதையையே அரித்துப் புண்ணாக்கும். விழுங்க முடியாதவர்களுக்குக் கேப்சூலைப் பிரித்து, வேகவைத்து மசித்து ஆறிய ஆப்பிள் கூழ் ஒரு ஸ்பூனில் தூவி, நசுக்காமல் உடனே கொடுத்து மேலே தண்ணீர் கொடுக்கலாம். பாலிலோ பருப்பு சாதத்திலோ கலக்காதீர்கள். அமிலம் குறைந்த உணவில் பூச்சு அங்கேயே கரைந்துவிடும். பிரிக்கும்போது பொடி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

மறந்துவிட்டீர்களா? சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள். முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்க வேண்டாம். உச்ச வரம்பும் உண்டு: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு வேளைக்கு 2,500, கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10,000 லைப்பேஸ் யூனிட். மிக அதிக அளவு எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கிய சம்பவங்களால் வந்த வரம்பு இது.

லாக்டேஸில் நம் சாப்பாட்டு வரிசையே ஒரு சிக்கல். பால் பொருள் கடைசியில் வரும். உட்காரும்போதே மாத்திரை போட்டுவிட்டு, முக்கால் மணி கழித்துப் பாயசம் குடித்தால் மாத்திரையின் வேலை அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். பாயசத்தின் முதல் வாயோடு போடுங்கள். பந்தி நீண்டு, அரை மணி கழித்து மறுபடி ஐஸ்கிரீம் என்றால் இன்னொன்று தேவைப்படலாம். அதிகபட்ச எண்ணிக்கை லேபிளில் இருக்கும்.

சொட்டு மருந்து என்றால் மாத்திரையே தேவையில்லாமல் பாலைத் தயார் செய்யலாம். பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, லேபிள் சொன்ன எண்ணிக்கையில் சொட்டுவிட்டுக் கலக்கி, 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அந்தப் பாலைச் சூடாக்கிக் காபி போடலாம். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் அதற்குள் உடைந்திருக்கும். கொதிக்கும் பாலில் நேராகச் சொட்டினால் மருந்து வீண். தயாரான பாலைச் சும்மா குடித்துப் பாருங்கள். சர்க்கரை போடாமலே லேசாக இனித்தால் சொட்டு மருந்துக்கு உயிர் இருக்கிறது, ஏனென்றால் லாக்டோஸ் உடைந்து வரும் குளுக்கோஸ் அதைவிட இனிப்பு.

ஆல்ஃபா கேலக்டோசிடேஸ், சுண்டலின் முதல் வாயோடு. பயறிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரையை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் சுரப்பதில்லை. அது பெருங்குடல் போய்ச் சேர்ந்து பாக்டீரியா கையில் சிக்கிவிட்டால், உப்பிய வயிற்றோடு போடும் மாத்திரைக்கு வேலை இல்லை. மாத்திரையைச் சுண்டலோடு குக்கரில் போட்டுச் சமைத்தாலும் பயனில்லை.

டயஸ்டேஸ் சிரப், மாத்திரைகளுக்குச் சாப்பிட்ட பின் என்று லேபிள் சொன்னால், கை கழுவிய உடனே என்று எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும்போது அல்ல.

படி 5: கஞ்சிச் சோதனை

டயஸ்டேஸ் வகைக்கு மட்டும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு டீஸ்பூன் கார்ன்ஃபிளவரை 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள். இரண்டு டம்ளரில் தலா 50 மில்லி ஊற்றி, ஒன்றில் மட்டும் அரை டீஸ்பூன் சிரப்போ பொடித்த ஒரு மாத்திரையோ போட்டுக் கலக்குங்கள். 20 நிமிடம் கழித்து இரண்டிலும் புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் சில சொட்டு விடுங்கள். மருந்து போடாத டம்ளர் கருநீலமாகும். மருந்து போட்ட டம்ளரும் அதே நிறத்துக்கு வந்தால் டயஸ்டேஸ் செத்துவிட்டது. பழுப்பாகவோ வெளிறியோ நின்றால் வேலை செய்கிறது.

யூனிஎன்சைம் மாதிரிக் கரி சேர்ந்த மாத்திரையில் இந்த நிறம் ஏமாற்றும். கரி அயோடினை உறிஞ்சிவிடும். வைட்டமின் சி கலந்திருந்தாலும் அப்படியே. அவற்றில் கஞ்சி நீர்த்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். எவ்வளவு சதவீதம் மிச்சமிருக்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. பேங்க்ரியாட்டினுக்கு இதை நம்பி முடிவெடுக்கவே வேண்டாம். அங்கே முக்கியம் லைப்பேஸ், அதுதான் முதலில் சாகும்.

படி 6: பலன் குறைந்தால் பார்க்கும் வரிசை

கேப்சூல் ஒட்டிக்கொண்டோ, மாத்திரை புள்ளி விழுந்தோ, பொடி கட்டிதட்டியோ, சிக்கு வாடையோடோ இருந்தால் தேதி பார்க்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். இவை எதுவும் இல்லாததால் மட்டும் நல்லது என்றும் ஆகிவிடாது. கணையக் குறைபாடு உள்ளவர்களுக்கு உடம்பே சொல்லும்: மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டும். அப்படி ஆனால் முதலில் நேரத்தைச் சரிபாருங்கள், பிறகு வைத்த இடத்தை, பிறகு புது அட்டை ஒன்றைப் பிரித்துச் சில நாள் பாருங்கள். காலாவதியானதை ஒரு வேளைக்குக்கூடச் சமாளிப்புக்குப் போட வேண்டாம்.

கூடவே போடும் மற்ற மருந்துகளையும் பாருங்கள். கால்சியம், மெக்னீசியம் உள்ள ஆன்டாசிட் பேங்க்ரியாட்டினின் பலனைக் குறைக்கலாம். கரி உள்ள மாத்திரை மற்ற மருந்துகளையும் உறிஞ்சும், எனவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சர்க்கரைக்கு அகார்போஸ் எடுப்பவர்கள் டயஸ்டேஸ், பேங்க்ரியாட்டின், ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் மூன்றையுமே டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்; ஒன்று மாவுச்சத்தை உடைக்காமல் தடுக்க, மற்றொன்று உடைக்கப் பார்க்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் பப்பாயின் உள்ளதைத் தவிர்க்க வேண்டும்.

நேரம், இடம், புது அட்டை எல்லாம் சரியாக இருந்தும் எடை குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் எண்ணெய் நிற்காமல் இருந்தாலோ, நீங்களாக யூனிட்டைக் கூட்டாமல் பயன்படுத்திய அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு இரைப்பை-குடல் டாக்டரைப் பாருங்கள்.