குடிநீர்க் குழாய்க் கசிவு: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேரும் இளம் பொறியாளர்களோடு வார்டு வார்டாகச் சுற்றுவது என் வேலை. அவர்களுடைய உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. தெருக்குழாயில் திருகு இல்லை, வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பில் (கிளாண்ட்) சொட்டுகிறது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை கண்ணில் படும், யாராவது சரிசெய்துவிடுவார்கள். கண்ணில் படாமல் வருடக்கணக்கில் ஓடுவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வித்தியாசம் முழுவதையும் கசிவு என்று எழுதுவது

தொட்டியிலிருந்து வெளியேறிய அளவில் பில் போட்ட அளவைக் கழித்து, மீதியைக் கசிவு என்று அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். அந்த மீதிக்குள் திருட்டு இணைப்பு இருக்கும், தேய்ந்துபோய்க் குறைத்துக் காட்டும் மீட்டர் இருக்கும், பில் இல்லாமல் கொடுக்கும் பொதுக்குழாயும் லாரித் தண்ணீரும் இருக்கும். மண்ணுக்குள் போவது அதில் ஒரு பங்குதான். வீடுகளுக்கு மீட்டரே இல்லாமல் மாதக் கட்டணம் வசூலிக்கும் ஊர்களில் "பில் போட்ட அளவு" என்பதே ஓர் ஊகம்.

முதலில் தொட்டியடியில் இருக்கும் பெரிய மீட்டரைப் பாருங்கள். வளைவை ஒட்டியோ வால்வை ஒட்டியோ பொருத்தியிருந்தால் அது சரியாகக் காட்டாது; குழாய் முழுதாக நிரம்பாமல் தண்ணீர் போகும் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான். சதவீதத்தையும் நம்பி ஏமாற வேண்டாம். கோடையில் விநியோகத்தைக் கூட்டிக் குறைத்தால், கசிவில் மாற்றமே இல்லாமல் சதவீதம் ஏறி இறங்கும். ஓர் இணைப்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் இழப்பு என்று கணக்குப் போட்டால், ஒரு வார்டை இன்னொரு வார்டோடு ஒப்பிட முடியும்.

இரவு ஓட்டத்தைப் பாடப்புத்தகப்படி படிப்பது

இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஊர் தூங்குகிறது, அப்போதும் மீட்டர் ஓடினால் அது கசிவு என்று புத்தகம் சொல்லும். 24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊருக்கு அது பொருந்தும். ஒருநாள் விட்டு ஒருநாள் சில மணி நேரம் திறந்துவிடும் நம் ஊர்களில், ஜனம் தூங்கினாலும் வீட்டுத் தரையடித் தொட்டியான சம்ப் தூங்காது. மிதவை வால்வு இல்லாத சம்ப் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைக் கசிவு என்று எழுதி, சாலையைத் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் மூடிய இடங்கள் ஏராளம்.

இதற்கு ஒரே வழி, ஒரு தெருவை எடுத்து, முன்கூட்டியே சொல்லிவைத்து, எல்லா வீட்டு வால்வையும் மூடவைத்து, லைனில் தண்ணீர் ஏற்றிப் பார்ப்பதுதான். வால்வைத் திறந்தவுடன் வரும் அளவை எழுத வேண்டாம். காலிக் குழாயை நிரப்பப் போகும் தண்ணீரும் அதில் சேர்ந்திருக்கும். வெளியேறும் காற்றும் மீட்டரைச் சுற்றவிடும்.

புதுக் குழாய் போட்டுவிட்டுப் பழைய லைனை உயிரோடு விடுவது

இந்த ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை காலமாகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

திட்டம் வருகிறது, பணம் வருகிறது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்கும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்க்கும் பக்கத்திலேயே பள்ளம் தோண்டிப் புது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள். அழுத்தச் சோதனையில் அது தேறிவிடுகிறது. போட்ட நீளத்தை அளவுப் புத்தகத்தில் (எம்புக்) எழுதி, பில்லும் பாஸாகிவிடுகிறது. மிச்சம் இருப்பது வீட்டு இணைப்புகளை மாற்றும் வேலை. வாசல்வாசலாகத் தோண்ட வேண்டும், சிமென்ட் தளத்தை உடைக்க வேண்டும், வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். ஒப்பந்ததாரருக்கு அதில் கிடைப்பது சொற்பம், தொல்லைதான் அதிகம். ஆகவே பாதி வீடுகளை மாற்றிவிட்டு, மீதி வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்று தெருமுனையில் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டுப் புது லைனையும் பழைய லைனையும் இணைத்துவிடுகிறார்கள். தற்காலிக ஏற்பாடு என்று பெயர். அதன்மேல் தார் போட்டபின் யார் அதைத் தேடப் போகிறார்கள்?

ஒரு நகராட்சியில் இதை நேரில் பார்த்தேன். புது லைன் ஓடத் தொடங்கியபின் அந்தப் பகுதிக்குப் போகும் தண்ணீர் குறையவில்லை, கூடிவிட்டது. கூடத்தான் செய்யும். பெரிய விட்டமுள்ள புதுக் குழாய் வழியாக வரும்போது அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் பழைய ஈய ஜாயின்ட்டுகளின் மேல் விழுகிறது. குழு புதுக் குழாயின் மேலேயே கசிவின் ஒலியைக் கேட்கும் கருவியை வைத்து நாள்கணக்கில் நடந்தது. வீட்டு வால்வுகளை மூடிப் பார்த்தோம்; மீட்டர் நிற்கவில்லை. தெருவாக அடைத்துப் பார்த்ததில் ஒரு முனையை அடைத்ததும் ஓட்டம் சட்டென்று சரிந்தது. வரைபடத்தில் அந்த முனையில் எதுவுமே இல்லை.

ஓய்வுபெற்ற வால்வு ஆபரேட்டர் ஒருவரை அழைத்து வந்தோம். "அந்த முக்குல பழைய லைன் இன்னும் சார்ஜுலதாங்கய்யா இருக்கு. என்னை யாரும் கேக்கலையே" என்றார். பழைய லைனில் இன்னும் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். தோண்டினால் ஒரு முழ நீளத்துக்கு இணைப்புத் துண்டு. அங்கிருந்து பழைய குழாயைத் தொடர்ந்து போனால், புது லைனுக்கு மாற்றிய வீடுகளின் பழைய ஃபெரூல் துளைகள் (மெயின் குழாயிலிருந்து வீட்டு இணைப்பு கிளம்பும் இடங்கள்) அடைக்கப்படவே இல்லை. அறுத்துவிட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களின் வாய் மண்ணுக்குள் திறந்தே கிடந்தது. துரு ஏறி, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும் நிலையில் ஒரு துண்டு வந்தது. அத்தனை தண்ணீரும் பக்கத்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததால் சாலையில் ஒரு துளி ஈரம் தெரியவில்லை.

செலவு இரண்டு மடங்கு என்பது மட்டுமல்ல. விநியோகம் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி வெற்றிடம் உண்டாகும். தண்ணீர் வெளியேறிய அதே துளை வழியாக வடிகால் நீர் உள்ளே வரும். மறுமுறை திறக்கும்போது முதல் குடத்தில் அதுதான் போகும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு தெருவிலிருந்து புகார் வந்தால், அந்தத் தெருவில் கைவிட்ட லைன் இருக்கிறதா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

வேலை தொடங்கும் முன்பே பழைய ஆபரேட்டர்களோடு தெருவில் நடந்து, அவர்கள் சொல்வதை வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒப்பந்தத்தில் பணத்தின் கணிசமான பங்கை, வீட்டு இணைப்பு மாறியதற்கும் பழைய லைன் துண்டிக்கப்பட்டதற்கும் ஒதுக்குங்கள். துண்டிப்பு என்றால் வால்வை மூடுவது இல்லை. பழைய வால்வு எதுவும் முழுதாக உட்காராது. இரண்டு முனையிலும் குழாயை அறுத்து, மூடி போட வேண்டும். பிறகு பழைய லைனின் கடைசி ஸ்கவர் வால்வை (குழாயைக் கழுவி வடிக்கும் வால்வு) திறந்துவைத்து, புது லைனில் முழு அழுத்தம் கொடுங்கள். பழையதில் தண்ணீர் வந்தால் எங்கோ ஓர் இணைப்பு மிச்சம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை சாலைபோட அனுமதிக்க வேண்டாம்.

வீட்டு இணைப்பைச் சில்லறை வேலையாக நினைப்பதுதான் இத்தனைக்கும் வேர். டோக்கியோவில் கசிவு இன்று 3 முதல் 4 சதவீதம்தான். 1980களிலிருந்து அவர்கள் வீட்டு இணைப்புக் குழாய்களைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிக்கொண்டு வந்தது அதற்கு ஒரு பெரிய காரணம். மெயின் லைனில் மட்டும் பணத்தைக் கொட்டியிருந்தால் அந்த எண் வந்திருக்காது.

அடைத்த கையோடு அழுத்தத்தைக் கூட்டுவது

கசிவை அடைத்தால் அந்த மண்டலத்தில் அழுத்தம் தானாகவே ஏறும். உடனே அடுத்த பலவீனமான ஜாயின்ட் வாய்விடும். பல வகைக் குழாய்கள் கலந்துள்ள ஊரில், அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் கசிவும் தோராயமாக அதே அளவு குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. பிளாஸ்டிக் குழாயில் இன்னும் கூடுதலாகவே குறையலாம். தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடி உள்ள வீடுகளுக்குக் குறைந்தது 12 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் அழுத்தம் என்பது நம் நாட்டுக் கையேட்டில் நெடுங்காலம் இருந்த அளவு. மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்பதற்காகப் பள்ளத்தெருவுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மேட்டையும் பள்ளத்தையும் தனி மண்டலமாகப் பிரியுங்கள்.

எல்லை வால்வை நம்புவது

மண்டலத்தின் எல்லையில் உள்ள வால்வை மூடிவிட்டதாகச் சொன்னால் போதாது. மண்டலத்தை வடித்துவிட்டு, அழுத்தமானி பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

பகலில் காது வைப்பது

கசிவின் ஒலியை இரவில் கேளுங்கள். பிளாஸ்டிக் குழாயில் ஒலி தூரம் போகாது. நெருங்கி நெருங்கிக் கேளுங்கள்.

வெடிப்பை மட்டும் துரத்துவது

மெயின் லைன் வெடித்து நிமிடத்துக்கு 500 லிட்டர் கொட்டினால் ஊரே கூடிவிடும். ஆறு மணி நேரத்தில் அடைத்துவிடுவோம். போனது 1,80,000 லிட்டர். வீட்டு இணைப்பு ஒன்றில் நிமிடத்துக்கு 10 லிட்டர் கசிந்தால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். தினம் நான்கு மணி நேரம் விநியோகம் என்று வைத்தாலும் ஆறு மாதத்தில் 4,32,000 லிட்டர்.

கம்போடியாவின் ப்னோம் பென் நகரில் 1993ல் விநியோகித்த தண்ணீரில் 72 சதவீதம் வருவாய்க் கணக்கில் வரவில்லை. எக் சோன் சான் தலைமையில் அந்நகரக் குடிநீர் ஆணையம் அதைப் பத்துக்கும் கீழே இறக்கியது. திருட்டு இணைப்பை ஒழித்து, வீடுதோறும் மீட்டர் வைத்து, ஊரைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, கசிவு தெரிந்தவுடன் ஆள் போகும்படி குழு வைத்திருந்தார்கள்.

பொறுப்பேற்ற முதல் வாரமே ஒரு பதிவேடு தொடங்குங்கள். கசிவு தெரியவந்த நேரம், இடத்தைக் கண்டுபிடித்த நேரம், அடைத்த நேரம் என்று மூன்று கட்டம் போதும். எந்தக் கட்டத்தில் நாள் வீணாகிறதோ அங்கே ஆளைக் கூட்டுங்கள். நான் பார்த்த ஊர்களில் பெரும்பாலும் அது இரண்டாவது கட்டம்தான். அங்கே தேவைப்பட்டது கருவியைவிட, இரவில் நடக்கத் தெரிந்த இரண்டு ஃபிட்டர்கள்.